லூர்தம்மாள் கேட்ட ரப்பர் குழாய்

புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, தூத்துக்குடி லூர்தம்மாளுக்கு மிஞ்சியது ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டிதான். அதில் மீன் லோடு ஏற்றிப் பிழைத்துவந்தாள். ஒருநாள் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, வண்டி திணறி நின்றது.

ஒர்க்‌ஷாப் முதலாளி ஞானதுரை ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். "காத்து அதிகம், பெட்ரோல் கம்மினு காட்டுது. இன்ஜின் செத்துப்போச்சும்மா. பழைய இரும்பு விலைக்கு எனக்கே குடுத்திரு, உடைச்சுக்கிடுதேன்."

ஒரு ரப்பர் குழாய்ப் பக்கம் உஸ்ஸென்று சத்தம் வருவதை அவள் சொன்னாள். அவர் காதிலேயே வாங்கவில்லை. வண்டி அவரிடமே கிடக்க, நாள்கள் ஓடின. கடைசியில் அவள் வந்து நின்றாள்.

"சரி அண்ணாச்சி, வண்டிய எடுத்துக்கிடுங்க. அந்தக் குழாய மட்டும் எனக்குத் தாங்க. அவுக கையால மாட்டுனது."

வண்டி கைக்கு வந்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. "தாராளமா எடுத்துக்க. எப்படியும் அதை மாத்துனாத்தான் வண்டி ஓடும்."

"உடைக்கப்போற வண்டி எதுக்கு அண்ணாச்சி ஓடணும்?"

அங்கே காத்திருந்த டிரைவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதுரை உள்ளே போய்ப் புதுக் குழாயை எடுத்துவந்து மாட்டினார்.

லூர்தம்மாள் நேரே துறைமுகத்துக்கு ஓட்டினாள். வழக்கமாக லோடு தரும் ஏஜெண்ட், வேறொரு வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வண்டி சரியாயிட்டு, சார்."

"இத்தனை நாள் மீன் காத்துக்கிடக்குமாம்மா? இனிமே இந்த வண்டிதான்னு நேத்துதான் பேசி முடிச்சேன்."

அவர் போய்விட்டார். அவளுக்குப் போக வேறு இடமில்லை. இன்ஜின் ஒரு திணறலும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.