ஆறரை அடி கோல்கீப்பர்

கால்பந்துக் கோச் வேதநாயகம் விண்ணப்பத்தில் உயரத்தை மட்டும் பார்த்துக் கல்லூரி அணிக்கு ஆள் எடுப்பார். ஓடவிட்டுப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஏழாவது ஆட்டத்திலும் அணி மண்ணைக் கவ்வியதும், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் செலின் ரசிகர்கள் நடுவே கத்தினாள்: "ஆள் எடுக்கிறீங்களா, தென்னைமரம் எடுக்கிறீங்களா சார்?"

"ஓஹோ! நாளைக்குள்ள நீயே ஒரு கோல்கீப்பரைக் கொண்டா. இல்லேன்னா உன் வேலை போச்சு!"

மறுநாள் செலின் நீட்டிய விண்ணப்பத்தில் உயரம் ஆறரை அடி. கோச் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். "வரச்சொல்லு பையனை!"

நான்கு ரசிகர்கள் விடுதியின் இரும்பு பீரோவைத் தூக்கிவந்து கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள்.

"ஏம்மா, இதுக்குப் பந்து பிடிக்கத் தெரியுமா?"

"அதைக் கேட்க உங்க விண்ணப்பத்துல இடமே இல்லையே சார்!"

கோச்சே கையெழுத்துப் போட்டுச் சேர்த்த ஆளாயிற்றே, செலினின் வேலை தப்பியது. பீரோ அன்றைய ஆட்டத்தில் மூன்று கோல் தடுத்தது.