மணி ஒலித்த மண்டைகள்

திருமலைக்கொழுந்து மகாராஜாவின் சபையில் யாருக்கும் தலைவலிகூடக் கிடையாது. அப்படிப்பட்ட சபைக்கு ஒரு மூளை வைத்தியர் வந்து சேர்ந்தார் என்றால் அவருடைய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

வந்தவர் பெயர் ஞானபூஷணர். கையில் ஒரு செம்புத் தொப்பி. அதன் உச்சியில் சின்ன மணி.

"மகாராஜா, மூளைக்குள் ஓயாமல் அலை அடிக்கிறது. அலை அடங்கினால் இந்த மணி தானாக ஒலிக்கும். மணி ஒலிக்க ஒலிக்கப் புத்தி கூர்மையாகும்" என்றார்.

"எங்களுக்கு நோய் ஒன்றும் இல்லையே" என்றார் ராஜா.

"நோயில்லாதவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி. கெட்டிக்காரர்கள் மகா கெட்டிக்காரர்கள் ஆவார்கள்."

ராஜாவின் ஆலோசகன் பிச்சாண்டி வாய்த்துடுக்குக்காரன். பக்கத்திலிருந்த சேனாதிபதியின் காதில் முணுமுணுத்தான்: "விவரமான வைத்தியர். நோயாளி என்றால் குணமாகவில்லையே என்று சண்டைக்கு வருவான். நோயே இல்லாதவன் எதைச் சொல்லிச் சண்டை போடுவான்?"

மகா கெட்டிக்காரன் ஆக்குகிறேன் என்றால் வேண்டாம் என்பவர் யார்? ராஜாவுக்கு ஒன்று, சபையிலிருந்த மற்றவர்களுக்கு ஆளுக்கொன்று என்று தொப்பிகள் வந்தன. பயிற்சி முடியும்வரை எந்தக் காரியத்திலும் முடிவெடுப்பதில்லை என்று உத்தரவும் போட்டாயிற்று. கூர்மையான புத்தி வரப்போகிறபோது மழுங்கின புத்தியை எதற்குச் செலவழிப்பது?

ஐப்பசி பிறந்தது. கீழக்குளம் என்ற ஊரில் ஏரிக்கரை வெடித்திருந்தது. அடைக்க ஆள் கேட்டு மாடத்தி என்கிற குடியானவள் எட்டு நாளாக அரண்மனை வாசலில் நின்றாள். உள்ளே மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தன.

பிச்சாண்டியின் மணி மட்டும் ஒலிக்கவே இல்லை. கண்ணை மூடினால் அவனுக்கு அந்த வெடிப்புதான் தெரிந்தது. ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாளைக்குள் உன் மணி ஒலிக்க வேண்டும், பிச்சாண்டி. இல்லாவிட்டால் இந்தச் சபையில் உனக்கு இடமில்லை."

"உத்தரவு மகாராஜா. மற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்."

மறுநாள் அவன் மாடத்தியை அழைத்து வந்து சபை நடுவே நிறுத்தினான்.

"சாமி, கரை வெடிச்சுப்போச்சு. பெரிய மழை ஒண்ணு விழுந்தா முந்நூறு வீடும் போயிரும்" என்றாள்.

"என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்று பிச்சாண்டி மந்திரிகளைக் கேட்டான்.

டிங். டிங். டிங். பிச்சாண்டியைத் தவிர எல்லார் தலையிலும் மணி ஒலித்தது. ஒருவர் வாயிலிருந்தும் பதில் வரவில்லை. சேனாதிபதி லேசாகக் குறட்டையும் விட்டார்.

ஞானபூஷணருக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீர்களா மகாராஜா? ஊரே போகும் என்கிறாள். ஒருவர் மூளையிலும் ஒரு சிற்றலை இல்லை."

ராஜா மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "வெடிப்பு எவ்வளவு ஆழம்? பக்கத்தில் களிமண் கிடைக்குமா? இருநூறு ஆள் போதுமா?" மாடத்தி ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். அதுவரை கணகணத்துக்கொண்டிருந்த ராஜாவின் மணி கப்சிப்பென்று நின்றுபோயிற்று.

ஞானபூஷணர் பதறிவிட்டார். "யோசிக்காதீர்கள் மகாராஜா, அலை கிளம்பிவிட்டது. இன்னும் நாற்பது நாள் பயிற்சி செய்வோம். அலை முழுக்க ஓயட்டும். அப்புறம் யோசித்தால் பிரமாதமாக இருக்கும்."

பிச்சாண்டி கைகட்டிக்கொண்டு சொன்னான்: "அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று கடற்கரையில் நின்றவன் கதைதான் மகாராஜா. அவனுக்காவது தலைதான் முழுகவில்லை. நம் அலை ஓய்வதற்குள் கீழக்குளமே முழுகிவிடும்."

ராஜா சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. அன்று மதியமே இருநூறு ஆட்கள் கரைக்குப் புறப்பட்டார்கள். மந்திரிகளும் கூடை தூக்கினார்கள்.

"என் பயிற்சி?" என்று இழுத்தார் ஞானபூஷணர்.

"அதற்கென்ன, கரையிலேயே நடக்கட்டும். நீரும் ஒரு மண்கூடையைத் தலையில் வையும்" என்ற ராஜா பிச்சாண்டி பக்கம் திரும்பினார்.

"உன் மணி மட்டும் இனி ஒருநாளும் ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் சபையில் உனக்கு இடமில்லை."