கணக்கு சார் எண்ணாத புள்ளிகள்

"எம் மக பச்சை குத்துதா" என்றார் ஞானசிகாமணி சார்.

"யாருக்கு?" என்று கேட்டாள் லில்லி.

"யாருக்கா? வாரவன் போறவனுக்கெல்லாம். அதையே தொழிலா வச்சிட்டா."

லில்லி தரையில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

சாருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதில் நியாயம் உண்டு. முப்பது வருஷத்துக்கு முன்னால், ஏழாம் வகுப்பில், இதே லில்லிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் அவர். அவள் வாங்கிய மார்க் பதினொன்று. இப்போது மலையடிவாரத்தில் ஒரு ஓட்டுக்கூரைக்குக் கீழே ஜெப ஆசிரமம் என்று பேர் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மாவட்டத்திலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள். ஒரு கேள்வியோடு வந்தவர்கள் வேறொரு கேள்வியோடு திரும்பிப் போவதாகப் பேச்சு.

பதினொரு மார்க்கிடம் போய் நான் என்னத்தக் கேக்க என்று இத்தனை நாள் வீம்பாக இருந்தவர், இன்று வந்துவிட்டார். வேறு போக்கிடம் இல்லை.

வந்ததும் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார். அவருடைய ஊரில் வேதக்கோயில் நடையில் செருப்போடு ஒரு குழந்தை ஏறினாலும் அதட்டுகிறவர் அவர்தான். சபைக் கமிட்டியில் இருபது வருஷமாக இருக்கிறார்.

"இங்க கழத்தாதீங்க சார். முள்ளு கிடக்கும்" என்றாள் லில்லி.

செருப்போடுதான் உட்கார்ந்தார். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"வேதத்துல தெளிவா எழுதியிருக்கு. உடம்பு மேல எழுத்துக் குத்தக் கூடாதுன்னு" என்றார்.

"எழுதியிருக்கு சார்."

"சரீரம் ஆலயம். ஆலயத்துச் சுவத்துல போய்க் கிறுக்கலாமா?"

"உங்க கோயில் சுவத்துல உங்க தாத்தா பேரு வெட்டியிருக்கே."

"அது கல்லு."

"ம்" என்றாள் லில்லி.

கடலைத் தோடு படபடவென்று உடைந்தது.

சார் மானத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். மகள் பெனிட்டாவுக்கு இருபத்துநாலு வயது. பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார். எழுதவில்லை. கொச்சியில் இரண்டு வருஷம் இருந்து பச்சை குத்தப் படித்துவிட்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை பிடித்திருக்கிறாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. அவர்கள் பக்கத்தில் யார் கடை திறந்தாலும் ஷட்டரைத் தூக்கி ஜெபம் பண்ணித்தான் வியாபாரம் தொடங்குவார்கள். ஊரில் பாதிக் கடைகளுக்கு அந்த ஜெபத்தைச் செய்தவர் சார்தான்.

"அப்பா ஜெபம் பண்ணினாத்தான் தெறப்பேன்னு சொல்லுதா. இல்லாட்டா அன்னைக்கே ரயிலேறிருவாளாம். சென்னையில வேற எவனோ கடையில வேலைக்குக் கூப்பிடுதானாம். போனா வர மாட்டா. அவ பிடிவாதம் எனக்குத் தெரியும், எங்கிட்டயிருந்துதான் போயிருக்கு." கண் கலங்கியதை மறைக்க மலையைப் பார்த்தார். "ஜெபம் பண்ணலாமா, கூடாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"உங்க மக தன் மேல குத்தியிருக்காளா?"

"இருக்கு. இடது மணிக்கட்டுல."

"என்ன குத்தியிருக்கா?"

 

கொச்சியில் இருந்த நாள் போக, ஐந்து வருஷமாக அந்தக் கைதான் அவருக்குச் சோறு போடுகிறது, காபி கொடுக்கிறது. அது நீளும்போதெல்லாம் அவர் தட்டைப் பார்ப்பார், அல்லது சுவரைப் பார்ப்பார்.

"ஏதோ இருக்கு" என்றார்.

"பாத்துட்டு வாங்க சார்."

அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சார் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்.

"புள்ளி" என்றார்.

"எத்தனை?"

"ரெண்டோ மூணோ இருக்கும்."

காலையில் காபி வந்தபோது பேப்பருக்குப் பின்னாலிருந்து ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். அதுவே பெரிய காரியம் என்று அவருக்கு நினைப்பு.

லில்லி சிரித்தாள். "ரெண்டோ மூணோன்னு நான் ஒருக்க விடைத்தாள்ல எழுதினேன். என்ன செஞ்சீங்க, ஞாபகம் இருக்கா?"

சாருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "பெஞ்சு மேல ஏத்தினேன்."

"ஏத்திட்டு என்ன சொன்னீங்க?"

"எண்ணாம விடை எழுதாதேன்னு சொன்னேன்."

"எண்ணிட்டு வாங்க சார்."

*

அன்று சாயங்காலம் பெனிட்டா கூடத்தில் உட்கார்ந்து பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவுக்கு இல்லை, ரயிலுக்கு.

"கையைக் காட்டுட்டி" என்றார் சார்.

அவள் வலது கையை நீட்டினாள்.

"அது இல்ல. மத்தது."

பெனிட்டா அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு இடது கையை நீட்டினாள். சார் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் ரோட்டைக் கடக்கப் பிடித்த கை. அதற்குப் பிறகு எப்போது பிடித்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பாம்பு இருக்கும், பூ இருக்கும், எவன் பேராவது இருக்கும் என்றெல்லாம் ஐந்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு புள்ளி, அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரே கோட்டில் மூன்று.

"இது என்னது?"

பெனிட்டா அடுக்களைப் பக்கம் பார்த்தாள். "அம்மாகிட்ட கேளுங்கப்பா."

"உங் கையில குத்தினதுக்கு அம்மாகிட்ட என்னத்தக் கேக்க?"

"நான் சொல்ல மாட்டேன்னு அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

சார் கையை விட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். கோபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

*

புதன்கிழமை.

"மூணு" என்றார் லில்லியிடம். "ஒரே கோட்டுல. நல்லா எண்ணிட்டேன்."

"என்னன்னு கேட்டீங்களா?"

"அவ அம்மாகிட்ட கேக்கணுமாம்."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன் சார்?"

சார் அதட்ட வாயெடுத்தார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பை அதட்டிய வாய். அன்று அதிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

"பயமா இருக்கு லில்லி."

மூன்று நாளில் முதல் தடவையாக, அவர் சொன்னதைக் கேட்டு, அவள் கடலை உடைப்பதை நிறுத்தினாள். எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் சார் உள்ளே வந்தால் நிற்பாளே, அப்படி நின்றாள்.

"அப்படின்னா பக்கத்துல வந்துட்டீங்க சார்" என்றாள். "நாளைக்கு இங்க வராதீங்க."

"எனக்குப் பதிலு?"

"நாளைக்குப் பத்து மணிக்கு உங்களுக்கு வேற சோலி இருக்கும்."

*

சார் வீட்டுக்கு வரும்போது மத்தியானம். பெனிட்டா கடைக்குப் போயிருந்தாள். மனைவி நேசபாய் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

இந்த நேசபாயைப் பற்றி அந்த ஊர்ச் சபைக்கே தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நெஞ்சுக்குள் கட்டி வந்தது. கத்தி வைக்க முடியாத இடம் என்று டாக்டர்கள் சொல்லி, முப்பத்துமூன்று நாள், ஊரில் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். கட்டி கரைந்து போனது. அந்த வருஷ ஸ்தோத்திரப் பண்டிகையில் சார் எழுந்து நின்று சாட்சி சொன்னார். கத்தி படாமல், உடம்பில் ஒரு அடையாளம்கூட இல்லாமல் கர்த்தர் என் மனைவியைச் சுகமாக்கினார் என்றார். சபை முழுக்க அழுதது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பண்டிகைக்கும் அவரை எழுப்பி அதையே சொல்லச் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

"நேசம்" என்றார். "பெனிட்டா கையில மூணு புள்ளி இருக்கு."

அவள் கையிலிருந்த கீரை முறத்தில் விழுந்தது.

எழுந்து போய்ப் பட்டப்பகலில் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவருக்கு எதிரே உட்கார்ந்து அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். சேலைத் தலைப்பை விலக்கி, தொண்டைக்குழிக்குக் கீழே ஓரிடத்தில் அந்த விரலை வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

எள்ளளவு இருந்தது. நீலம் ஓடிய கறுப்பு.

விரலை வலது விலாவுக்குக் கொண்டுபோனாள். "ரெண்டு."

இடது விலாவுக்குக் கொண்டுபோனாள். அவள் எண்ணைச் சொல்லவில்லை. சார்தான் சொன்னார்.

"மூணு."

அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எப்பம் குத்தினது?"

"கரண்ட் வைக்கதுக்கு மொத நாளு. தெனமும் ஒரே எடத்துல விழணும்லா. ஒரு நூல் பெசகினா இருதயத்துல பட்டுரும்னாங்க. அதுக்கு அழியாத மையைத் தொட்டு ஊசியால குத்தி அடையாளம் வச்சாங்க. அதைப் பாத்துப் பாத்துத்தான் முப்பத்துமூணு நாளும் வச்சாங்க."

"நான் எங்க இருந்தேன்?"

"வெளிய. பொம்பளையாளுதான் உள்ள வரலாம்னுட்டாங்க. நீங்க வராண்டாவுல வேதத்துல சங்கீதம் வாசிச்சிட்டு இருந்தீங்க. சத்தம் எனக்குக் கேட்டுச்சு." நேசபாய் சேலையைச் சரிசெய்துகொண்டாள். "பெனிட்டாதான் எங் கையப் பிடிச்சிட்டு நின்னா. குத்தின நர்சுப் பிள்ளையோட வெரலையே பாத்துட்டு நின்னா, இமை கொட்டாம. வெளிய வந்து கேட்டா, 'யம்மா, இத்தனூண்டு புள்ளியை நம்பியா ஒன் உசுரு இருக்கு?' அதுக்குப் பெறவு அவ வேற எதையும் படிக்கணும்னு சொன்னதில்ல."

சார் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல நேசம்?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள பண்டிகை வந்துட்டு. ஒரு அடையாளம்கூட இல்லாமன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டீங்க. எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன்."

"நீ எதுக்கு அழுத?"

"ஒங்களப் பொய்க்காரரா ஆக்கிரக் கூடாதேன்னு."

ஞானசிகாமணி சாருக்கு வெட்கம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவரை உலுக்கியது வெட்கம் இல்லை.

முப்பத்துமூன்று நாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, உயிரை எடுக்கவும் கொடுக்கவும் முடிந்த ஒன்று, தினமும் இந்த எள்ளளவு மையைத் தேடி வந்து இறங்கியிருக்கிறது. ஒரு நாள்கூட வழி தப்பவில்லை. அந்த முப்பத்துமூன்று நாளும் அவர் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, உமது கரத்தை நீட்டும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்க காட்டு" என்றார்.

அவள் காட்டினாள். அவர் மறுபடி எண்ணினார். ஒரு குழந்தை எண்ணுவதுபோல விரல் வைத்து, மெதுவாக, உதடு அசைய எண்ணினார்.

*

வியாழக்கிழமை பத்து மணி.

கடை வாசலில் பெனிட்டா நின்றாள். பெட்டி பக்கத்தில் இருந்தது. அவளோடு கொச்சியில் படித்த இரண்டு பெண்கள் நின்றார்கள். சபையிலிருந்து யாரும் வரவில்லை.

ஆட்டோவிலிருந்து முதலில் நேசபாய் இறங்கினாள். பின்னால் சார் இறங்கினார். இராப்போஜன ஞாயிறுகளில் மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

பெனிட்டா சாவியை நீட்டினாள், இடது கையால். சார் சாவியை வாங்குவதற்கு முன்னால் அந்த மணிக்கட்டைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு குனிந்து பூட்டைத் திறந்து, மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல், ஷட்டரைத் தானே தூக்கினார்.

உள்ளே ஒரு படுக்கை. அதற்கு மேலே ஒரு விளக்கு. கண்ணாடி அலமாரியில் வரிசையாக மைக் குப்பிகள். ஒரு தட்டில், வெள்ளைத் துணியின்மேல், இன்னும் உறை பிரிக்காத ஊசி.

சார் படியில் நின்றுவிட்டார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வலது செருப்பைக் கழற்றினார்.

"கடைதாம்ப்பா" என்றாள் பெனிட்டா. "செருப்போடயே வாங்க."

"தெரியும்ட்டி" என்று சொல்லிவிட்டு, அவர் மற்ற செருப்பையும் கழற்றினார்.