நிலாச் சன்னல் வைத்த வண்டி

குழந்தைகளே, மலையடிவாரத்தில் ஒரு காடு இருந்தது. சித்திரை பிறந்தால் அந்தக் காட்டின் ஓடை வற்றிவிடும். ஓடை வற்றியதும் விலங்குகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, கல்லும் முள்ளுமான பெரிய பொட்டலைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கும் ஆற்றுக்குப் போய்விடும். மழை வந்த பிறகுதான் திரும்பும்.

அங்கே கருமாண்டி என்ற கரடி குடும்பத்தோடு வசித்தான். மனைவி தேனம்மை, மூன்று குட்டிகள், கருமாண்டியின் அக்கா ஒருத்தி. குட்டிகளுக்கு அவள் அத்தை. போன கோடையில் கடைக்குட்டியைச் சுமந்துகொண்டு பொட்டலைக் கடந்தபோது, தேனம்மை பாறை இடுக்கில் காலை விட்டுக்கொண்டாள். அந்தக் கால் பிறகு சரியாகவே இல்லை. அன்றிலிருந்து நொண்டித்தான் நடந்தாள்.

"இந்த வருஷம் நீ நடக்கக் கூடாது. வண்டி வாங்கிடலாம். நான் இழுக்கறேன், நீ உட்கார்ந்து வா" என்றான் கருமாண்டி. மனதாரத்தான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. பளபளப்பாக எதைக் கண்டாலும் அறிவு கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான்.

காட்டில் வண்டி விற்பவர் மலை அணிலார். வேங்கை மரத்தடியில் அவருடைய கடை. பேசிக்கொண்டே இருப்பார்; பேசும்போதே புசுபுசு வாலால் வண்டியைத் துடைத்துக்கொண்டும் இருப்பார். குடும்பமே கிளம்பி ஒரு நாள் காலையில் அங்கே போய்ச் சேர்ந்தது.

"வாங்க அண்ணே, வாங்க அண்ணி" என்று வரவேற்ற அணிலார், முதலில் ஒரு சாதாரண வண்டியைக் காட்டினார். இரண்டு பக்கமும் நீளப் பலகை, மேலே ஓலைக் கூரை, பலகைக்கு அடியில் பானை வைக்க இடம். வேறு ஒன்றும் இல்லை.

"இது போதுமே" என்றாள் தேனம்மை.

"தாராளமாப் போதும் அண்ணி. நல்ல வண்டிதான். நிறைய பேர் இதைத்தான் எடுக்கறாங்க" என்றார் அணிலார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எடுத்துட்டுப் போய், கொஞ்ச நாள்ல திரும்பி வந்து, மேல்வகை வண்டியா மாத்திக் குடுங்கன்னு நிக்கறாங்க. அதுதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது" என்றார்.

கருமாண்டியின் காது நிமிர்ந்தது. "அது என்ன மேல்வகை?"

அதற்காகவே காத்திருந்தவர் போல அணிலார் ஓர் ஓலைத் தட்டியை விலக்கினார். உள்ளே ஒரு வண்டி நின்றது. மெழுகு பூசி மினுக்கிய மரம். இலவம்பஞ்சு அடைத்த இருக்கைகள். முதுகுக்குப் பின்னால் உயரமாகச் செதுக்கிய தடுப்பு. கூரையின் நடுவே ஒரு சன்னல்.

"கூரையில எதுக்கு ஓட்டை?" என்று கேட்டாள் தேனம்மை.

"நிலா பாக்கறதுக்கு அண்ணி."

"வெயில் உள்ள வராதா?"

"வரும். அதுக்குத்தான் மூடி வெச்சிருக்கோம். இந்தக் கயிறை இழுத்தா மூடிக்கும்."

"அப்ப ஓட்டையே இல்லாம இருந்திருந்தா கயிறு வேண்டியிருக்காதே."

இந்தப் பேச்சு யார் காதிலும் விழவில்லை. மூத்த குட்டி கயிற்றை இழுத்து இழுத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நடுக்குட்டி மயிலிறகு விசிறியைக் கண்டுபிடித்திருந்தது. சக்கரம் சுற்றினால் விசிறி தானாக ஆடுமாம். அத்தை ஓர் இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடி, "அப்பாடா, தம்பி, முதுகுக்கு என்னமா இருக்கு" என்றாள். கடைக்குட்டி தனக்கென ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, இறங்கமாட்டேன் என்று கைப்பிடியைக் கவ்விக்கொண்டது.

"பலகைன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்கணும் பாருங்க. இதுல ஆளுக்கு ஒரு தனி இருக்கை" என்றார் அணிலார். "காட்டெருமை வீட்டுல இதைத்தான் எடுத்திருக்காங்க."

கருமாண்டி சாதாரண வண்டியைப் பார்த்தான். மேல்வகை வண்டியைப் பார்த்தான். இரண்டையும் சுற்றி வந்தான். சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். அச்சைத் தட்டிப் பார்த்தான். மறுபடியும் முதலில் இருந்து சுற்றினான். சாதாரண வண்டிக்கு வீட்டுப் பரணில் சேர்த்து வைத்திருக்கும் தேனில் பாதி கொடுத்தால் போதும். மேல்வகைக்கு முழுவதையும் கொடுக்க வேண்டும். "ஒரு தடவைதானே வாங்கறோம்" என்றான். சற்று நேரம் கழித்து, "ஆனா பாதித் தேன் மிச்சமாகுமே" என்றான். அப்புறம், "ஒரு தடவைதானே" என்று மறுபடியும் ஆரம்பித்தான்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. குட்டிகளின் தின்பண்ட மூட்டையையும் தண்ணீர்ச் சுரைக்குடுவையையும் பிடித்தபடி தேனம்மை நின்றுகொண்டிருந்தாள். கால் விண்விண் என்று தெறித்தது. பெரிய பெரிய வேலைகளைச் செய்துவிட்டு வரும் அசதியைத் தூங்கித் தீர்த்துவிடலாம், குழந்தைகளே. கடையில் நின்றுகொண்டு அடுத்தவர் முடிவெடுப்பதற்குக் காத்திருக்கும் அசதி இருக்கிறதே, அது எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"ஓட்டிப் பாத்துடலாம் அண்ணே. எல்லாரும் ஏறுங்க" என்றார் அணிலார்.

எல்லாரும் ஏறினார்கள். அத்தை ஓர் இருக்கை, குட்டிகள் ஆளுக்கு ஒன்று. நாலு இருக்கையும் நிறைந்துவிட்டது. தேனம்மை மூட்டையோடு கீழே நின்றாள். எந்த இடத்துக்குப் போனாலும் அவள் மூட்டையோடு கீழே நிற்பது வழக்கம் என்பதால் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கருமாண்டி வண்டியை இழுத்துக்கொண்டு வேங்கை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். விசிறி ஆடியது. குட்டிகள் கூச்சலிட்டன.

"நீ என்ன சொல்ற?" என்று மனைவியைக் கேட்டான்.

நாலு இருக்கைதானே இருக்கிறது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதைச் சொன்னால் மறுபடியும் பேச்சு தொடங்கும். மறுபடியும் சுற்றி வருவான். அணிலார் இன்னொரு தட்டியை விலக்குவார். கடைக்குட்டி அழும்.

"எதையாவது எடுங்க. வீட்டுக்குப் போனாப் போதும்" என்றாள்.

அணிலார் நாலு சக்கரத்துக்கும் அடியில் காட்டு எலுமிச்சம்பழம் வைத்தார். முகப்பில் கொன்றைப்பூ மாலை போட்டார். கருமாண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வண்டியை முன்னால் இழுத்தான். பழங்கள் நசுங்கின. பரணில் இருந்த தேன் எல்லாம் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓடை வற்றிய அன்று விடியும்போது குடும்பம் புறப்பட்டது. கருமாண்டி நுகத்தடியில் தோளைக் கொடுத்து முன்னால் நின்றுகொண்டான். அத்தை முதலில் ஏறிக்கொண்டாள். குட்டிகள் போட்டி போட்டு ஏறின. கடைசியாகத் தேனம்மை ஏறி, கடைக்குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் இருக்கையில் உட்காரப் பார்த்தாள். ஒருவருக்கென்று செதுக்கிய இருக்கை அது. கைப்பிடி இரண்டு பக்கமும் இடுப்பை இடித்தது. குட்டி வழுக்கி வழுக்கி விழுந்தது.

"இது என் இருக்கை" என்று சிணுங்கியது.

"வெயிலுக்கு முன்னாடி கிளம்பணும், சீக்கிரம்" என்று முன்னாலிருந்து கருமாண்டியின் குரல் வந்தது.

தேனம்மைக்கு மல்லுக்கட்டத் தெம்பு இல்லை. குட்டியை இருக்கையில் விட்டாள். இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

"ம், போங்க" என்றாள்.

வண்டி நகர்ந்தது. தேனம்மை பின்னால் நடந்தாள். வண்டி கனமானது என்பதால் கருமாண்டி குனிந்த தலை நிமிராமல் இழுத்தான். நிமிர்ந்து திரும்பியிருந்தாலும் அந்த உயரமான தடுப்புக்குப் பின்னால் இருப்பது ஒன்றும் தெரிந்திருக்காது. அத்தை பஞ்சு மெத்தையில் சாய்ந்தவள் குறட்டை விட ஆரம்பித்தாள். குட்டிகள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பருந்துகளை எண்ணின.

பாதிப் பொட்டலில் கருமாண்டி மூச்சு வாங்கியபடி கேட்டான்: "தேனு, சௌகரியமா இருக்கா?"

"இருக்கு" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

அவன் முகம் மலர்ந்தது. கொடுத்த தேன் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டான். இன்னும் வேகமாக இழுத்தான். அவன் வேகமாக இழுக்க இழுக்கத் தேனம்மை பின்தங்கினாள்.

சாயங்காலம் ஆற்றங்கரை வந்தது. முன்பே வந்திருந்த விலங்குகள் வண்டியைப் பார்க்கக் கூடின. முயல்கள் விசிறியைத் தொட்டுப் பார்த்தன. காட்டெருமைகூட எட்டிப் பார்த்து, "எங்களோடதைவிடப் புதுசு போல" என்றது. இதைக் கேட்கத்தானே கருமாண்டி இவ்வளவு தூரம் இழுத்து வந்தான். நுகத்தடியை இறக்கிவிட்டு, மனைவிக்குக் கைகொடுத்து இறக்குவதற்காகப் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தான்.

அத்தை இறங்கினாள். மூத்தது இறங்கியது. நடுவிலது இறங்கியது. கடைக்குட்டி கைப்பிடியை விட மனமில்லாமல் இறங்கியது. உள்ளே நாலு காலி இருக்கைகள் இருந்தன.

"அம்மா எங்கே?" என்றான் கருமாண்டி.

"பின்னாடி வருது" என்றது கடைக்குட்டி.

"எப்ப இருந்து?"

"வீட்டுலேருந்தே."

கருமாண்டி பொட்டலைத் திரும்பிப் பார்த்தான். வெகுதூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. சற்று நகரும், நிற்கும், மறுபடியும் நகரும். கூடியிருந்தவர்களை விலக்கிக்கொண்டு ஓடினான்.

தேனம்மையின் கால் வீங்கியிருந்தது. வாயைச் சுற்றிப் புழுதி.

"ஏன் சொல்லலை?" என்றான்.

"சொன்னா மட்டும் இன்னொரு இருக்கை முளைச்சிருக்குமா?"

"சௌகரியமா இருக்கான்னு கேட்டேனே. இருக்குன்னியே."

"அவங்களுக்கு இருந்துச்சு" என்றாள் தேனம்மை. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கருமாண்டி அந்தக் கல்தரையிலேயே மண்டியிட்டான். "ஏறிக்கோ. நான் தூக்கிட்டுப் போறேன்."

தேனம்மை அவன் முதுகைப் பார்த்தாள். நாள் முழுவதும் வண்டி இழுத்த அந்த முதுகில் நுகத்தடி ரோமத்தை உரித்து, தோல் சிவந்து கிடந்தது.

"வேண்டாம். உங்களுக்கும் முடியலை. எந்திரிங்க" என்றாள்.

இருவரும் மெதுவாக நடந்தார்கள். ஆற்றங்கரையில் யாரோ வண்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட, காலி இருக்கைகளுக்கு மேல் விசிறி ஆடிக்கொண்டிருந்தது.

நீதி: யாருக்காக ஒன்றை வாங்கப் போகிறோமோ, அவரை முதலில் அதில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.