என் தம்பியும் அவன் பெண்டாட்டியும் இங்கிலாந்து சுற்றியது

முட்டாள்கள் எல்லா ஊரிலும் உண்டு. விமானம் ஏறிப் போய் இன்னொரு தேசத்தில் முட்டாளாக இருந்துவிட்டு வந்தவர்கள் எங்கள் சங்கரன்கோவிலில் இரண்டே பேர்தான். ஒருவன் என் தம்பி வெயிலுகந்தான். இன்னொருத்தி அவன் பெண்டாட்டி சண்முகவடிவு. "அண்ணனுக்குக் குளிர் ஒத்துக்காது" என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்து விட்டுவிட்டுப் போனார்கள். போனது ஜூலை மாதம், அங்கே கோடைக்காலம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அவர்கள் மகள் மாலதி நியூகாசில் என்ற ஊரில் இருக்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு வளைகாப்பு. முதல் வளையலை யார் போடுவது என்று வடிவுக்கும் மாப்பிள்ளையின் தாயாருக்கும் போனிலேயே பெரிய சண்டை. நேரத்துக்கு வந்து சேர்ந்தால் வடிவு போடலாம், இல்லையென்றால் சம்பந்தியம்மாள் போடுவாள் என்று கடைசியில் முடிவானது.

"செத்தாலும் நேரத்துக்கு வந்து நிப்பேன்" என்றாள் வடிவு.

மாப்பிள்ளை பிரதாபன் நல்ல பையன். வளைகாப்புக்கு முன்னால் வடக்கு இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தான். போனில் விவரமும் சொன்னான்.

"மாமா, ஸ்கார்பரோவில கடலைப் பாருங்க. யார்க்கில கோட்டைச் சுவரை ஒரு சுத்து சுத்துங்க. சுத்தி முடிச்சதும் ரயில் ஏறுங்க. நியூகாசில் வர்ற வரைக்கும் சீட்டை விட்டு எந்திரிக்காதீங்க. யார் வந்து கேட்டாலும் அது உங்க சீட்டு."

அவன் செய்த தப்பு இதுதான். இவர்களிடம் ஒன்றைச் சொன்னால் அப்படியே செய்துவிடுவார்கள்.

ஸ்கார்பரோ கடற்கரையில் சின்னப் பிள்ளைகளைக் கழுதைமேல் ஏற்றிக் கூட்டிப் போகிறார்கள். அந்த ஊரில் அது விளையாட்டு. தம்பிக்கு அது எப்படித் தெரியும்?

"ஏட்டி, இந்தப் பச்சப்பிள்ள என்னத்தத் திருடிச்சோ, கழுத மேல ஏத்தி ஊர்வலம் விடுதானுவ."

"திருடிட்டுச் சிரிக்குது பாருங்க. வளர்ப்பு சரியில்ல."

"பெத்தவ போட்டோ வேற எடுக்கா."

"கேசுக்குச் சாட்சி வேண்டாமா?"

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. கழுதைக்காரரிடம் போய்க் கைகூப்பி, "இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்டுருங்கய்யா" என்று தமிழிலேயே மன்றாடினான். அவர் இவனை மேலும் கீழும் பார்த்தார். கழுதையையும் பார்த்தார். பிறகு முடியாது என்று தலையாட்டினார்.

"நல்லவேள, நம்மளக் கழுத மேல ஏத்த மாட்டாராம்" என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் யார்க். அங்கே ஊரைச் சுற்றிப் பழைய கோட்டைச் சுவர், அதன் மேலேயே நடந்து போகலாம். வடிவு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வலப்பக்கமாகப் பயபக்தியோடு சுற்றிக்கொண்டே போனார்கள். ஓர் இடத்தில் சுவர் தீர்ந்துபோய் வெறும் ரோடு வந்தது.

"சுவர் முடிஞ்சு போச்சே, வடிவு."

"சுத்து முடியலயே."

"ரோட்டுல நடந்துட்டு அந்தால போய் ஏறுவோமா?"

"ரோட்டச் சுத்தச் சொன்னாரா மாப்பிள்ள? சுவரத்தான சொன்னாரு."

"அப்ப எதிர்ப்பக்கமா சுத்திப் பாப்போம்."

"அப்பிரதட்சணமாவா? பிள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?"

ஆகவே ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடியும் சுற்றினார்கள். சுவர் மறுபடியும் அதே இடத்தில் தீர்ந்தது. காவலாளி வந்து இவர்களை இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டும்வரை இதே வேலை.

"நடை சாத்தியாச்சு. இனி சுத்து முடிஞ்ச கணக்குதான்" என்றான் தம்பி. ரயில் எப்போதோ போய்விட்டிருந்தது.

ஞாயிறு காலை முதல் ரயிலில் ஏறினார்கள். பாதி வழியில் ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றது. அதற்கு மேல் தண்டவாள வேலை நடக்கிறதாம், எல்லோரும் இறங்கி பஸ்ஸில் போனார்கள். ரயில்காரர் ஒருவர் இவர்களிடம் வந்து கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

"எந்திரிச்சுராதீங்க" என்றாள் வடிவு. "நம்ம சீட்டுக்கு ஆசப்படுதாரு."

இருவரும் சீட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். ரயில்காரர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். ரயில் வந்த வழியே திரும்பியது.

இறங்கியதும் வடிவு அண்ணாந்து பார்த்தாள். "நியூகாசில்லயும் அதே மாதிரி சுவர் கட்டியிருக்காங்க பாருங்க."

"யார்க்கப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கானுவ."

அப்போது போன் வந்தது. மாப்பிள்ளை.

"மாமா, நான் ஸ்டேஷன்லதான் நிக்கேன். உங்களக் காணோமே. மேல இருக்கிற போர்டைப் படிங்க."

தம்பி எழுத்துக் கூட்டி "யார்க்" என்று படித்தான். மாப்பிள்ளை போனை வைத்துவிட்டான். அடுத்து வீட்டிலிருந்து மாலதி கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் சம்பந்தியம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது. "நேரமாகுதுல்ல? நானே போட்டுருதேன்."

வடிவு ஊரிலிருந்து கொண்டுவந்த சீர்ப் பையைப் பிரித்தாள். பிறகு வளையல் பெட்டியைத் திறந்தாள்.

"கைய நீட்டுங்க."

"எனக்கு எதுக்குட்டி?"

"மாலதி உங்க ரத்தம்தான? பாதி மாலதி நீங்கதான?"

தம்பி நன்றாக யோசித்தான். "பாதின்னா ஒரு கைக்கு மட்டும் போடு."

"அந்தம்மா ரெண்டு கைக்கும் போடுவா. நாம குறைஞ்சு போகணுமா?"

பிளாட்பாரப் பெஞ்சில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, தேங்காயெண்ணெய் தடவி, முருங்கைக்காய் மாதிரி இருந்த இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை ஏற்றிவிட்டாள். பத்தரைக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. முதல் வளையல் வடிவு போட்டதுதான். சம்பந்தியம்மாள் போட்டதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்த ஊர்க்காரர்களுக்கு வரிசை என்றால் உயிர். நாலு வெள்ளைக்காரக் கிழவிகள் என்ன ஏதென்று கேட்காமலே பின்னால் வந்து நின்றார்கள். வடிவு சைகை காட்ட, ஒவ்வொருவராக வந்து தம்பிக்குக் குங்குமம் வைத்து, அட்சதை போட்டு, சுகப்பிரசவம் ஆகட்டும் என்கிற மாதிரி முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு ரயில் ஏறிப் போனார்கள்.

வளைகாப்பு முடிந்தால் பிள்ளைத்தாச்சியைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும் அல்லவா? வடிவு மகளோடு அங்கேயே தங்கிக்கொண்டு, தம்பியை மட்டும் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டாள். எங்கள் அம்மா காலமாகி வெகுகாலம் ஆகிறது. தாய்வீடு என்று மிச்சம் இருப்பது நான் இருக்கிற இந்த வீடுதான்.

வந்து ஒரு மாதம் ஆகிறது. பிரசவம் ஆகாமல் வளையலைக் கழற்றக் கூடாதாம். கனமான எதையும் தூக்க மாட்டான், தண்ணீர்க் குடம் உட்பட. "அத்தான், அவரை மாடிப்படி ஏற விடாதீங்க" என்று வடிவு தினமும் போன் போடுகிறாள். நேற்றிலிருந்து புளிப்பு மாங்காய் வேண்டும் என்கிறான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடைத்தெரு முழுக்க அலைந்து வாங்கிவந்து, இப்போதுதான் நறுக்கிக் கொடுத்தேன். உப்பு மட்டும் தொட விடவில்லை. இந்த மாதத்தில் உப்பு சேர்த்தால் கால் வீங்கிவிடும்.