மடைக்குளத்து முதல் பரிவட்டம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை கூடுதலாகவும் இருந்த ஒரு நாட்டில், சோணாசலம் என்ற விகடன் இருந்தான். அவன் தன் வாயால் பிழைத்தான்; அந்த வாயை அடைக்கவே பிரதானி அகிலாண்டர் உயிர் வாழ்ந்தார்.

ஒரு வருஷம் ராஜா மடைக்குளம் கிராமத்து ஏரித் திருவிழாவுக்குப் போனார். பல்லக்கு போய்ச் சேர்ந்ததே பரிவட்டம் கட்டும் வேளைக்குத்தான். அதற்கு முன் நடந்ததை அவர் பார்க்கவில்லை. முதல் பரிவட்டம் மடை காக்கும் சப்பாணிமுத்துவின் தலையில் ஏறியது. ராஜாவுக்கு இரண்டாவதுதான். என்றோ வெள்ளத்தில் ஏரிக்கரை உடைந்தபோது சப்பாணிமுத்துவின் முப்பாட்டன் உடைப்பில் குறுக்கே படுத்து, தன்மேல் மண்ணைக் கொட்டச் சொல்லி ஊரைக் காப்பாற்றினானாம். அரண்மனை திரும்பிய ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"மகாராஜா, உடைப்பில் படுத்தவர் தங்கள் முப்பாட்டனார் என்று ஊர் வரலாற்றை மாற்றிவிடலாமே," என்றார் அகிலாண்டர். "பக்கத்தில் என் முப்பாட்டனாரும் படுத்திருந்தார். சோணாசலம் போய் ஊரைச் சம்மதிக்க வைக்கட்டும். முடியாவிட்டால் நாடு கடத்துங்கள்."

ராஜா தலையாட்டினார். போனால் ஊரார் அடிப்பார்கள். போகாவிட்டால் நாடு போய்விடும். சோணாசலம் மடைக்குளத்துக்கே நடையைக் கட்டினான்.

"எங்க பாட்டன் உசுரப் பணயம் வச்ச எடம்யா அது," என்று சீறினான் சப்பாணிமுத்து. "ராசா கேட்டா தூக்கிக் குடுத்துருவமா?"

"குடுத்துருங்க," என்றான் சோணாசலம். "ஒண்ணும் குறைக்காம, சடங்கோட சேத்துக் குடுங்க."

சப்பாணிமுத்து சிரித்துவிட்டான்.

அடுத்த திருவிழாவுக்கு ராஜா விடிந்ததுமே வந்துவிட்டார். உடைப்பில் படுத்தவர் ராஜாவின் முப்பாட்டனார், பக்கத்தில் பிரதானியின் முப்பாட்டனார் என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. ராஜா குளிர்ந்துபோய்ப் பரிவட்டத்துக்குத் தலையைக் குனிந்தார்.

"சற்றுப் பொறுங்கள், மகாராஜா," என்றான் சோணாசலம். "பரிவட்டத்துக்கு முன் ஒரு சடங்கு உண்டு. காப்பாற்றியவரின் வாரிசு அதே இடத்தில் படுக்க வேண்டும். கழுத்துவரை மூட வீட்டுக்கு ஒரு கூடை மண். முந்நூறு வீடுகள்."

கூடையும் கையுமாக ஊர் வரிசையில் நின்றது. முன்னால் நின்ற இருளாயி, "ராசாவுக்குன்னு கல்லு பொறுக்கின மண்ணு, சாமி," என்றாள்.

ராஜா பட்டு அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பாவனையாகப் படுத்தால் போதாதா?" என்றார் அகிலாண்டர்.

"போதுமே. பரிவட்டத்தையும் பாவனையாகக் கட்டிவிடுவார்கள்."

ராஜா தொண்டையைக் கனைத்தார். "எம் முப்பாட்டனார் கரைமேல் நின்று பார்த்ததாகத்தான் எமக்கு நினைவு. படுத்தவர் சப்பாணிமுத்துவின் முப்பாட்டன். பக்கத்தில் படுத்தவர் பிரதானியின் முப்பாட்டனார். அதை அவரே சபையில் சொன்னார், மாற்ற வேண்டாம்."

சப்பாணிமுத்து பழக்கப்பட்டவன், தானாகவே படுத்துக்கொண்டான். அகிலாண்டரைப் படுக்கவைக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். அவர் மீசைவரை மண் ஏறியதும் ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். முதல் பரிவட்டம் தன் தலைக்கே திரும்பியபோது சப்பாணிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சோணாசலம், என்ன வேண்டும்? மணிமாலையா, மானியமா?"

"கொடுத்தால் இரண்டையும் வாங்கிக்கொள்வேன், மகாராஜா. கூடவே இந்த ஊரில் ஒரு குடிசையும் வேண்டும்."

"குடிசை எதற்கு?"

"மண் போடும் உரிமை வீட்டுக்கு ஒரு கூடைதானே? வருஷா வருஷம் பிரதானி படுக்கும்போது, வீடில்லாத நான் என்ன செய்வேன்?"

ராஜா மறுபடி சிரிக்கத் தொடங்கினார். குடிசை கிடைத்தது, அடுத்த வருஷமே முந்நூற்றோராவது கூடை விழுந்தது.