இன்னாசியின் புள்ளி

தூத்துக்குடியில் கடலைப் பார்த்தபடி இருந்தது வாஹிதாவின் ஆராய்ச்சிக்கூடம். செல்போன் டவர் எட்டாத ஆழ்கடலில், படகிலிருந்து நேராகச் செயற்கைக்கோளோடு பேசும் சின்னக் கருவி ஒன்றை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார்.

அவரிடம் மாணவராக வந்து சேர்ந்த ரெமிஜியுஸ் அவரைவிட மூத்தவர். இந்த வயதில் எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டதற்கு, தம்பி இன்னாசி ஆழ்கடலுக்குப் போகிறவன் என்று மட்டும் சொன்னார். அம்மாவின் அடக்கத்தன்று இருவருக்கும் வாய்த்தகராறு முற்றிப் பேச்சு நின்றுபோனதைச் சொல்லவில்லை.

அந்தக் கருவி மணிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு சிக்னல் அனுப்பும். கரையில் உள்ள திரையில் படகு ஒரு புள்ளியாகத் தெரியும். மணிக்கு மணி அனுப்புவதாலேயே பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது.

ரெமிஜியுஸ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சொல்ல விஷயம் இல்லாதபோது கருவி தூங்கிவிடும். ஆபத்து வந்தால் மட்டும் விழித்துக் குரல் கொடுக்கும். பேட்டரி வருஷக்கணக்கில் வரும்.

வாஹிதா நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அதை இன்னாசியின் படகிலேயே கட்டிப் பார்ப்போம் என்றார். அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். செய்தது அண்ணன் என்று தெரிந்ததும் இன்னாசி அதை வாங்கி, தன் கையாலேயே படகில் கட்டிக்கொண்டானாம்.

படகு கிளம்பியது. திரையில் புள்ளி இல்லை. முதல் நாள் ரெமிஜியுஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காற்று பிடித்தது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரை திரும்பின. அவருக்குச் சோறு இறங்கவில்லை. கருவியைக் கூப்பிட்டுப் பார்த்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது.

“படகு எங்க இருக்குன்னே தெரியல, மேடம்.”

“ஆபத்துன்னா சொல்லும்லா, அண்ணாச்சி?”

“சொல்லும்.”

“சொல்லலையே. அப்போ நல்லாத்தான் இருக்காரு.”

ரெமிஜியுஸ் போட்ட கணக்கும் அதைத்தான் சொன்னது. ஆனாலும் வெறும் நீலமாகக் கிடந்த அந்தத் திரையை விட்டு அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் படகு வந்து சேர்ந்தது. ரெமிஜியுஸ் துறைமுகத்துக்கு ஓடினார். தூரத்தில் இன்னாசி கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. அம்மாவைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். பெயர் தொண்டை வரை வந்தது. கூப்பிடாமலே திரும்பிவிட்டார்.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்ததும் தான் செய்த மாற்றத்தை எடுத்துவிட்டு, பழைய சிக்னலையே திரும்ப வைத்தார். பிறகு வாஹிதாவிடம் கேட்டார்.

“ஒரு விஷயமும் இல்லாம சும்மா ‘இருக்கேன்’னு சொல்லவே இவ்வளவு பேட்டரி போகுதே மேடம். இனி வரப்போற கருவியிலயாவது இதுக்கு ஒரு வழி வருமா?”

வாஹிதா திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“தம்பிகிட்டப் பேசி எவ்வளவு நாளாச்சு, அண்ணாச்சி?”

“அம்மா போனதுலேருந்து இல்ல. பேசறதுக்கு விஷயம் ஒண்ணும் இல்ல, மேடம்.”

“சரி,” என்றார் வாஹிதா. “உங்க புள்ளிய அவரு எந்தத் திரையில தேடுவாரு?”